முதல் மார்க் காருக்கு மட்டும்தான் கணக்கா?



இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். படிக்காமலே ‘அருமை டீச்சர்’ என்று போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு சிவப்புக் காரின் படம் சுற்றியது. இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை செய்த 250 ஜி.டி.ஓ. கார். 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் மான்டெரே என்ற ஊரில் நடந்த ஏலத்தில் அப்படி ஒரு கார் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு ஏறத்தாழ 340 கோடி ரூபாய். படத்துக்குக் கீழே ஒரு செல்வம் இப்படி எழுதியிருந்தது: “மொத்தம் செய்ததே 36 கார். அறுபது வருஷம் கழித்தும் ஒவ்வொன்றும் யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம்ம டீச்சரோட ரிஜிஸ்டர் மாதிரி!”

அதற்கு எழுபது பேர் கை தட்டியிருக்கிறீர்கள். மன்னிக்கவும், நான் தட்ட மாட்டேன். 36 பேரின் பெயரைப் பொன் எழுத்தில் பொறித்து வைப்பதற்குப் பெயர் ரிஜிஸ்டர் அல்ல. அது பள்ளி வாசலில் கட்டும் ஃபிளக்ஸ் பேனர். ரிஜிஸ்டரில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கும். அதே ஃபெராரி வீட்டில், அதே காலத்தில் பிறந்த ஏறத்தாழ 950 பிள்ளைகளின் கதை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

‘மதினிக்கு எதற்கு இந்தக் கார் வேலை?’ என்று கேட்கப்போகும் என் நாத்தனாருக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், இன்ஜினியர் அல்ல. ஃபெராரியில் ஏறியதும் இல்லை. ஆனால் பட்டறை வைத்திருந்த தம்பியோடு வளர்ந்தவள். முப்பது வருடத்துக்கு மேல் சேர்க்கைப் பதிவேடு எழுதியவள். ஒரு கணக்கில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க, கார் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை.

இப்போது பாடத்துக்கு வருவோம்.

அந்தப் புகழ்பெற்ற காரின் பெயர் 250 ஜி.டி.ஓ. நான் சொல்லப்போகும் காரின் பெயர் 250 ஜி.டி.இ. கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். குழப்பம் வராமல் இருக்க ‘ஓ’ கார், ‘இ’ கார் என்றே சொல்கிறேன். ஓ நெடில், இ குறில். விலையிலும் அப்படித்தான்.

இரண்டிலும் வரும் 250 என்பது என்ன? காரில் பன்னிரண்டு சிலிண்டர் உள்ள இன்ஜின். மொத்தக் கொள்ளளவு 2953 சி.சி. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், ஒரு சிலிண்டருக்கு 246 வரும். அதை 250 என்று முழுமையாக்கிப் பெயர் வைத்தார்கள். ஆக, இரண்டுக்கும் ஒரே குடும்பத்து இன்ஜின்தான். ஜோவாக்கினோ கொலம்போ என்ற பொறியாளரின் வடிவமைப்பிலிருந்து வளர்ந்தது. ‘ஓ’ காரில் ஆறு கார்புரேட்டர், ஏறத்தாழ 300 குதிரைத்திறன். ‘இ’ காரில் மூன்று கார்புரேட்டர், ஏறத்தாழ 240 குதிரைத்திறன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவன் ஓட்டப் பந்தயத்துக்குப் போனான், மற்றவன் குடும்பத்தைச் சுமந்தான்.

சுமந்தான் என்று சும்மா சொல்லவில்லை. ‘இ’ கார்தான் ஃபெராரி பெரிய எண்ணிக்கையில் செய்த முதல் நான்கு இருக்கை கார். அம்மா, அப்பா முன்னால். இரண்டு பிள்ளைகள் பின்னால். பின் இருக்கைக்கு இடம் வேண்டும் என்பதற்காக இன்ஜினை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி வைத்தார்கள். பினின்ஃபாரினா என்ற புகழ்பெற்ற பாடி கட்டும் நிறுவனம் அதன் உடலை வடிவமைத்துத் தூரின் நகரப் பகுதியில் கட்டியது. 1960 ஜூனில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பந்தய அதிகாரியின் காராக முதலில் தலைகாட்டி, அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் முறைப்படி அறிமுகமானது. 1963 வரை தயாரானது.

என்சோ ஃபெராரிக்கு உயிர் பந்தயத்தில்தான் இருந்தது. சாலையில் ஓடும் கார்களை விற்றுத்தான் பந்தயச் செலவைச் சமாளித்தார். அந்த வருடங்களில் அதிகம் விற்ற கார் ‘இ’ கார். அதாவது, தம்பி வெயிலில் ஓடிக் கோப்பை வாங்க, அண்ணன் வேலைக்குப் போய்ச் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். நம் வீடுகளில் இப்படி அண்ணன்கள், அக்காக்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். உங்களில் பலர் படித்ததே அப்படி ஒருவர் படிப்பை நிறுத்தியதால்தான்.

சரி, அந்த அண்ணனுக்கு என்ன ஆனது?

1970-களில் ‘இ’ கார் யாருக்கும் வேண்டாத பழைய கார் ஆனது. நான்கு இருக்கை, குடும்பக் கார், அதற்கு என்ன கவர்ச்சி? பழுது பார்க்கும் செலவு காரின் விலையைத் தாண்டியது. அதே சமயத்தில் ‘ஓ’ காரின் புகழ் ஏறிக்கொண்டே போனது. 36 பேர் மட்டுமே வைத்திருக்க முடிந்த காருக்கு ஆசைப்பட்டவர்களோ ஏராளம். அப்போதுதான் சில பட்டறைகளுக்கு அந்த யோசனை வந்தது. மலிவாக ஒரு ‘இ’ காரை வாங்கு. அதன் பாடியைக் கழற்றி எறி. ‘இ’ காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 260 சென்டிமீட்டர். ‘ஓ’ காருக்கு 240. ஆகவே சேஸிஸில் 20 சென்டிமீட்டரை வெட்டி எடு. மறுபடி பற்ற வை. அலுமினியத் தகட்டைத் தட்டி ‘ஓ’ காரின் உடம்பு மாதிரி ஒன்றைச் செய்து மேலே போர்த்து. சிவப்புச் சாயம் அடி. இன்ஜின் உண்மையான ஃபெராரி இன்ஜின். சேஸிஸ் எண் உண்மையான ஃபெராரி எண். உருவம் மட்டும் பொய்.

இப்படி ‘ஓ’ காரைப் போலவும், டெஸ்டா ரோஸா என்ற பந்தயக் காரைப் போலவும், கலிஃபோர்னியா என்ற திறந்த காரைப் போலவும் வேஷம் போடுவதற்காக ‘இ’ கார்கள் வெட்டப்பட்டன. இன்னும் பல, விலை உயர்ந்த மற்ற 250 கார்களுக்கு உதிரி இன்ஜின் வேண்டும் என்பதற்காகப் பிரிக்கப்பட்டன.

கெட்டுப்போன காரை யாரும் வெட்டவில்லையா என்றால், வெட்டினார்கள்தான். துருப்பிடித்து, விபத்தில் நசுங்கி, எழுந்திருக்க முடியாத காரைப் பிரித்து இன்னொன்றுக்கு உறுப்புக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. தம்பியின் பட்டறையில் அது அன்றாடம் நடந்த காரியம். நான் குறை சொல்வது, ஓடிக்கொண்டிருந்த, ஓடக்கூடிய நல்ல கார்களை, அவை முதல் மார்க் வாங்கவில்லை என்பதற்காக மட்டும் வெட்டியதை. முதல் மாணவனைப் போல இன்னொருவனை ஜோடித்துக் காட்டுவதற்காக நடு பெஞ்சுப் பிள்ளையைப் பலி கொடுத்ததை.

இனி, கமெண்டில் வரப்போகும் வாதங்களுக்கு இப்போதே பதில்.

ஒன்று. “அவன் காசு கொடுத்து வாங்கிய கார், அவன் வெட்டினான். உங்களுக்கு என்ன?” சட்டப்படி சரி. தாத்தா எழுதிய கணக்கு நோட்டைப் பேரன் எடைக்குப் போடுவதும் சட்டப்படி சரிதான். சட்டம் தடுக்காத காரியம் எல்லாம் நல்ல காரியம் ஆகிவிடாது. இதுகூடவா நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை?

இரண்டு. “950 கார் இருந்ததே, கொஞ்சம் போனால் என்ன?” எண்ணிக்கை அதிகம் என்பதால் ஒவ்வொன்றும் மலிவு என்று நினைக்கிற மனசுதான் நம் வகுப்பறைகளையும் கெடுத்தது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவன் ஒரு மாதம் வராவிட்டால் ‘போனால் போகட்டும், நாற்பத்தொன்பது பேர் இருக்கிறார்களே’ என்று எந்த ஆசிரியரும் சொல்லக் கூடாது. கோடை வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுத்தோமே, எதற்கு? வந்த பிள்ளைகளை எண்ண வகுப்பறையே போதும். வராத பிள்ளையை எண்ணத்தான் தெருவில் இறங்க வேண்டும்.

மூன்று. “வேஷம் போட்ட கார் என்றாலும் அது ஓடுகிறதே, பார்ப்பவருக்கு மகிழ்ச்சிதானே?” மகிழ்ச்சி கொடுக்கட்டும். புதிதாக ஒரு சேஸிஸ் செய்து, புதிதாக ஒரு உடல் கட்டி, ‘இது நகல்’ என்று நெற்றியில் எழுதி ஓட்டட்டும், நானே கை தட்டுவேன். உயிரோடு இருந்த ஒன்றின் எலும்பை எடுத்து நகலுக்குப் போடாதே என்கிறேன்.

நான்கு. “இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு டீச்சர், நமக்கு ஏன்?” இதைச் சொல்கிறவர்கள்தான் 340 கோடி ரூபாய் படத்தை முதலில் பகிர்ந்தவர்கள். விலையைப் பற்றி வாய் பிளக்கலாம், கணக்கைப் பற்றிப் பேசக் கூடாதா?

இந்த நாலாவது வாதத்துக்கு இன்னும் கொஞ்சம் விளக்கம் வேண்டும். விலை என்பது முன்னால் வருவதா, கணக்கு முன்னால் வருவதா என்பதுதான் இதில் உள்ள கேள்வி. இரண்டு கார்களின் கதை சொல்கிறேன்.

முதலாவது ஒரு ‘ஓ’ கார், சேஸிஸ் எண் 3589. 1962-இல் இங்கிலாந்தில் பந்தயங்களில் ஓடிய கார். பிறகு அது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனது. அதன் உரிமையாளர் அதை எங்கே கொடுத்தார் தெரியுமா? விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு! பிள்ளைகள் கார் வேலை பழகுவதற்கு. 1972-இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் அதை ஒரு டிரெய்லரின் மேல் வைத்து, வெட்டவெளியில் மழையிலும் பனியிலும் பல வருடங்கள் நிறுத்தியிருந்தார். இன்று 36 முத்துகளில் ஒன்றாகக் கொண்டாடப்படும் கார் அது.

இரண்டாவது ஒரு ‘இ’ கார், சேஸிஸ் எண் 3999. 1960-களில் ரோம் நகரப் போலீசுக்குக் கொடுக்கப்பட்ட கருப்பு நிற ஃபெராரி. அர்மாண்டோ ஸ்பாட்டஃபோரா என்ற போலீஸ்காரர் அதை ஓட்டித் திருடர்களைத் துரத்திய கதைகள் ரோம் நகரில் இன்றைக்கும் பிரபலம். போலீஸ் வேலை முடிந்ததும் அந்தக் கார் அரசு ஏலத்துக்கு வந்தது. அதுவும் 1972-இல்தான். வாங்கியவர் அது எந்தக் கார் என்று தெரிந்து வாங்கிப் பாதுகாத்தார். இன்றைக்கும் இருக்கிறது.

இந்த இரண்டு காரும் பிழைத்தது விலையினாலா? ஒன்று பள்ளிக் கொட்டகையில் கிடந்தது, இன்னொன்று அரசு ஏலத்தில் நின்றது. ‘இது இன்னது, இது இங்கிருந்து வந்தது, இதை ஓட்டியவர் இன்னார்’ என்று சொல்ல ஆள் இருந்ததால் பிழைத்தன. போலீஸ் காருக்கு ஒரு கதை இருந்தது, அதனால் அதை யாரும் வெட்டவில்லை. மிலானில் ஒரு டாக்டர் வாங்கி, பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போன காருக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. அது வெட்டப்பட்டது. கதை இல்லாத காரே கிடையாது. எழுதி வைக்கப்படாத கார்தான் உண்டு.

எழுதி வைக்க வழி இல்லையா என்றால், தாராளமாக உண்டு. அந்தக் காலத்து ஃபெராரியில் சேஸிஸில் எண் பொறித்திருப்பார்கள். சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண். இன்ஜினிலும் அதே எண் இருக்கும். பாடிக்குத் தனி எண். தொழிற்சாலையில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. இத்தாலியில் 1927 முதல் வாகனங்களுக்கு ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. யார் வாங்கினார், யாருக்கு விற்றார் என்பதெல்லாம் அதில் ஏறும். நம்பர் பலகையில் அந்தந்த மாகாணத்தின் எழுத்து இருந்ததால் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தால்கூட கார் எந்த ஊரில் பதிவானது என்று சொல்லலாம். நம் ஊர் ஆர்.சி. புக்கைவிட விவரமாகவே தேடலாம்.

பொறுமையாகத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘இ’ கார்களின் எண்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் ஆர்வலர்கள் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் பெரிய புத்தகம், பெரிய பணம், பெரிய விளக்கு எல்லாம் பந்தயக் கார்களின் பக்கம்தான் போனது. ஜெஸ் பூரே 1977-இல் 250 வரிசைக் கார்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அருமையான உழைப்பு, மறுக்கவில்லை. அது பந்தயத்துக்குப் போன கார்களைப் பற்றியது. நடு பெஞ்சு அப்போதும் காத்திருந்தது. பட்டறையில் வெட்டும் வேலையும் நடந்துகொண்டிருந்தது.

இப்போது என் முக்கியமான சண்டைக்கு வருகிறேன்.

வெட்டப்பட்ட ‘இ’ காரைக் கணக்கில் எப்படி எழுதுவது? அதன் சேஸிஸ் எண் உயிரோடு இருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது. உரிமையாளர் இருக்கிறார். ஆனால் கார் இல்லை. சிலர் அதை ‘இருக்கிறது’ என்று எழுதச் சொல்கிறார்கள், எண் இருக்கிறதே என்று. சிலர் பட்டியலிலிருந்தே தூக்கச் சொல்கிறார்கள், பார்க்க நன்றாக இல்லையே என்று. இரண்டும் பொய்க் கணக்கு.

சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பெயரை ஏற்றினால் ஏற்றியதுதான். வெள்ளை மை வைத்து அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பிள்ளை டி.சி. வாங்கிப் போனால் போன தேதி எழுத வேண்டும். இடையில் நின்றால் ‘இடைநின்றவர்’ என்று எழுத வேண்டும். தவறாக எழுதியது இருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டுத் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். கோட்டுக்குக் கீழே பழைய எழுத்து தெரிய வேண்டும். அதே முறைதான் இங்கேயும் வேண்டும். ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்ற இரண்டு பத்திகள் போதாது. ‘வெட்டி வேறு உருவம் கொடுக்கப்பட்டது’ என்று மூன்றாவது பத்தி வேண்டும்: எந்த வருடம், எந்த உருவம், இன்ஜின் எங்கே போனது என்ற விவரத்தோடு. அப்படி எழுதினால்தான் நாளைக்கு யாரும் அந்த எண்ணை வைத்து இன்னொரு பொய் சொல்ல முடியாது.

தொழிற்சாலை 2006 முதல் பழைய கார்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. நல்லது. ஆனால் சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்? கொண்டுவந்து நிறுத்துகிறவருக்கு. வராத காருக்குச் சான்றிதழ் கிடையாது. அந்த வராத காரின் பெயரைச் சொல்லி அழைக்கத்தான் பதிவேடு.

‘ஓ’ காருக்கு மட்டும் சலுகை இருப்பதையும் கவனியுங்கள். அந்த 36-இல் பந்தயத்தில் நொறுங்கி மறுபடி கட்டப்பட்டவை உண்டு, உடலை மாற்றிக்கொண்டவை உண்டு. அவற்றை யாரும் கணக்கிலிருந்து தள்ளவில்லை. ஒவ்வொரு காயமும் மரியாதையோடு எழுதப்பட்டிருக்கிறது. முதல் மாணவன் காய்ச்சலில் விழுந்தால் ஊரே விசாரிக்கும். நடு பெஞ்சு காணாமல் போனால் பெஞ்சில் இடம் கிடைத்தது என்பார்கள்.

2019-இல் இத்தாலியின் பொலோன்யா நகர நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ‘ஓ’ காரின் உருவம் ஒரு கலைப் படைப்பு, அதை இஷ்டத்துக்கு நகல் எடுக்கக் கூடாது என்று. பத்திரிகைகள் கொண்டாடின. நானும் படித்தேன். ஒரு கேள்விதான் மனதில் வந்தது. நகல் எடுக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைத்துவிட்டது. நகலுக்காக வெட்டப்பட்டவருக்கு எந்த நீதிமன்றம்?

இன்று ‘இ’ காருக்கும் விலை ஏறிவிட்டது. லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். ‘பார்த்தீர்களா, இப்போது யாரும் வெட்ட மாட்டார்கள், பிரச்சினை முடிந்தது’ என்கிறார்கள். முடியவில்லை. விலை ஏறியதால் வெட்டுவது நின்றது என்றால், விலை இறங்கினால் மறுபடி வெட்டுவார்கள் என்றுதானே பொருள்? போன கார்களையும் விலை திருப்பித் தராது. ஆகவே இப்போது, பழைய மெக்கானிக்குகளும் முதல் உரிமையாளர்களின் பிள்ளைகளும் உயிரோடு இருக்கும்போதே, வெட்டப்பட்ட ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதிவிட வேண்டும். வெட்டியவர்களே வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். எந்த எண்ணை வெட்டினோம் என்று அந்தப் பட்டறைகளுக்குத் தெரியும்.

உங்களில் சிலர் கார் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறீர்கள். இருவர் ஜெர்மனியில் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஏதாவது கண்காட்சியில் சிவப்பான ‘ஓ’ கார் ஒன்றைப் பார்த்தால் செல்ஃபி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இதன் சேஸிஸ் எண் என்ன? இது பிறந்தபோதே இப்படித்தான் இருந்ததா?” அவர் முகம் மாறினால், அந்த எண்ணைக் குறித்து எனக்கு அனுப்புங்கள்.

கருத்து வேறுபாடு இருப்பவர்கள் தாராளமாக எழுதலாம். பதில் சொல்வேன். ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதினால் முதலில் பதில் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்